பந்தயக் காரின் மூக்கு: வாங்குவதா, மடிப்பதா, திரையில் மோதுவதா?

ஜூரோங் வெஸ்டில் எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு கோப்பிக்கடை இருக்கிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை நண்பரின் மகன் அங்கே வந்து உட்கார்ந்து, தே தாரிக் வருவதற்கு முன்பே மடிக்கணினியைத் திறந்துவிட்டான். பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் மூன்றாம் ஆண்டு. ஃபார்முலா எஸ்ஏஇ மாணவர் பந்தயக் கார் அணியில் இந்த ஆண்டு முன்பக்க மோதல் தாங்கி அவன் பொறுப்பு. திரையில், மோதலைக் கணினியில் நடத்திப் பார்க்கும் ஒரு மென்பொருளில், ஒரு சதுரக் குழாய் சிவப்பும் நீலமுமாக அழகாக மடிந்துகொண்டிருந்தது. "அங்கிள், எந்த சாஃப்ட்வேர் நல்லது? எல்எஸ்-டைனாவா, ஓப்பன் ரேடியாஸா?" என்றான்.

வேலை நேரம் முழுக்க இந்த மாதிரிப் படங்களையே பார்க்கிறவன் நான். அவன் கேட்டது கடைசியில் முடிவு செய்ய வேண்டிய விஷயம். முதலில் என்ன பொருளை நசுக்கப் போகிறான், அதை எப்படிச் சோதிக்கப் போகிறான் என்பதில் தெளிவு வேண்டும். அன்று பேசியதை, இதே கேள்வியோடு இருக்கும் மற்ற மாணவர்களுக்காகவும் எழுதி வைக்கிறேன்.

போட்டி விதி சொல்வது இதுதான்: 300 கிலோ எடையுள்ள கார், நொடிக்கு 7 மீட்டர் வேகத்தில் சுவரில் மோதுகிறது. மணிக்கு 25 கிலோமீட்டர், ஒரு வேகமான சைக்கிள் அளவு. அந்த இயக்க ஆற்றல் 7350 ஜூல். அதை முழுவதும் மூக்கில் உள்ள தாங்கி விழுங்க வேண்டும். விழுங்கும்போது சராசரி வேகக்குறைப்பு 20 ஜியையும் (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கத்தின் அளவு) உச்சம் 40 ஜியையும் தாண்டக் கூடாது. நீளம் குறைந்தது 200 மி.மீ., அகலம் 200, உயரம் 100. பின்னால் 1.5 மி.மீ. எஃகு அல்லது 4 மி.மீ. அலுமினியத் தடுப்புத் தகடு இருக்க வேண்டும். சோதனைக்குப் பிறகு அந்தத் தகடு 25 மி.மீ.க்கு மேல் நிரந்தரமாக வளைந்திருக்கக் கூடாது. எண்கள் அவ்வப்போது மாறும் என்பதால் உங்கள் ஆண்டு விதிப்புத்தகத்தையும் புரட்டிவிடுங்கள்.

இந்த எண்களை ஒரு டிஷ்யூ தாளில் விசையாக மாற்றினோம். 300 கிலோவுக்கு 20 ஜி என்றால் ஏறக்குறைய 59 கிலோ நியூட்டன். 40 ஜி என்றால் 118. சராசரி 59 கிலோ நியூட்டன் என்றால் 7350 ஜூலைக் கரைக்க 12.5 செ.மீ. தூரம் நசுங்கினால் போதும். அதைவிடக் குறைந்த தூரத்தில் யார் நிறுத்தினாலும் 20 ஜி மீறப்படும், எந்த மென்பொருளாலும் அதை மாற்ற முடியாது. "இவ்வளவுதானா?" என்று கேட்டான். ஆமாம், இவ்வளவுதான். மிச்சம் எல்லாம் அந்த விசையை நசுங்கும் தூரம் முழுக்கச் சமமாக வைத்திருப்பது எப்படி என்ற கேள்வி.

முதல் வழி, விதிமுறையே ஏற்றுக்கொள்ளும் தரநிலைத் தாங்கியை வாங்குவது. விதி சொல்லும் நுரைக்கட்டி ஒன்று இருக்கிறது, தேன்கூட்டு வடிவம் ஒன்றும் இருக்கிறது. சொன்னபடி பொருத்திவிட்டால் தனியாகச் சோதனைத் தரவு கொடுக்க வேண்டியதில்லை. அணி புதிதாக இருந்தால், அல்லது ஆட்கள் எல்லோரும் பேட்டரியிலும் சஸ்பென்ஷனிலும் மூழ்கிக் கிடந்தால், யோசிக்காமல் இதை வாங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கட்டி பெரிதாக இருப்பதால் மூக்கின் வடிவம் அதற்குக் கட்டுப்பட்டுப் போகும், வடிவமைப்பு நடுவர்களிடம் பேசவும் அதிகம் இருக்காது. இழப்பு அவ்வளவுதான்.

இரண்டாவது, அலுமினியத் தேன்கூட்டை வாங்கி நீங்களே அளவுக்கு வெட்டுவது. இதன் குணம் எனக்குப் பிடிக்கும். விசை-தூரக் கோடு மேசை மாதிரித் தட்டையாக வரும். கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் பல ஆண்டுகள் நடத்திய 64 கிலோமீட்டர் வேகப் பகுதிமோதல் சோதனையில் கார் போய் மோதும் தடுப்பும் அலுமினியத் தேன்கூடுதான். அதன் முக்கியக் கட்டியின் நசுங்கு வலிமை 0.342 மெகா பாஸ்கல், முன்னால் ஒட்டிய பம்பர் பகுதி 1.711. பரப்பை வலிமையால் பெருக்கினால் விசை வந்துவிடும், கணக்கு அவ்வளவு எளிது. தொல்லை இரண்டு. புதிதாக வெட்டிய தேன்கூடு தொடக்கத்தில் ஒரு பெரிய உச்சத்தைக் காட்டும், அதனால் முதலிலேயே சில மி.மீ. நசுக்கி வைக்க வேண்டும். அப்புறம் விசை நேராக வராமல் சாய்ந்து வந்தால் அது ஒரு பக்கமாகச் சரிந்துவிடும். சிங்கப்பூரில் ஒரு மாணவர் அணிக்குத் தேவையான சின்ன அளவை விற்க ஆள் தேடுவது மூன்றாவது தொல்லை, ஆனால் அது பொறியியல் கணக்கில் வராது.

மூன்றாவது, தகட்டை மடித்துப் பெட்டிக் குழாயாகச் செய்வது. அவன் திரையில் மடிந்தது இதுதான். கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கற்றுக்கொள்ள அதிகம் இருப்பது இங்கேதான்.

சதுரக் குழாய் அச்சுவாக்கில் நசுங்கும்போது அடுக்கடுக்காக மடியும். அதன் சராசரி விசைக்கு 1980-களில் வியர்ஸ்பிட்ஸ்கியும் ஆப்ரமோவிச்சும் ஒரு சூத்திரம் தந்தார்கள், ஆப்ரமோவிச்சும் ஜோன்ஸும் அதைத் திருத்தினார்கள். குழாய் தன் நீளத்தில் ஏறக்குறைய 73 சதவீதம்தான் நசுங்கும், மிச்சம் மடிப்புகளின் தடிமனாகவே தங்கிவிடும் என்பது அந்தத் திருத்தம். சூத்திரம் இப்படி: 13.06-ஐ உலோகத்தின் பாய்வுத் தகைவால் (மடியும்போது உலோகம் ஒரு பரப்பலகுக்குக் காட்டும் எதிர்ப்பு) பெருக்குங்கள், அதைப் பக்க அகலத்தின் கனமூலத்தால் பெருக்குங்கள், அதைத் தடிமனின் 5/3 அடுக்கால் பெருக்குங்கள். நியூட்டனும் மி.மீ.யும் வைத்துக்கொண்டால் விடை நேராக நியூட்டனில் வரும்.

விதிக்கு 200 மி.மீ. அகலமும் 100 மி.மீ. உயரமும் வேண்டும். 100 மி.மீ. சதுரக் குழாய் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது. அலுமினியத் தகட்டின் பாய்வுத் தகைவு 200 மெகா பாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். தகடு 1.2 மி.மீ. என்றால் இரண்டு குழாயும் சேர்ந்து 33 கிலோ நியூட்டன். 1.5 மி.மீ. என்றால் 48. 2 மி.மீ. என்றால் 77. தடிமன் அரை மி.மீ. கூடினால் விசை ஒன்றரை மடங்குக்கும் மேலே போகிறது, பாருங்கள். 77 கிலோ நியூட்டன் என்றால் 26 ஜி. விதியில் தோற்றாயிற்று. 33 என்றால் 22 செ.மீ. நசுங்க வேண்டும், அதற்குக் குழாய் 30 செ.மீ.க்கு மேல் நீள வேண்டும். 48 என்றால் சராசரி 16 ஜி, நசுங்கும் தூரம் 15.4 செ.மீ., குழாயின் நீளம் 21 செ.மீ. பார்த்தவுடன் மனதுக்கு இதமாக இருக்கும் எண்கள்.

தம்பி தலையைச் சொறிந்தான். சுங்கை காடுட் பக்கம் ஒரு உலோகக் கடையில் ஏற்கனவே விசாரித்திருக்கிறான். 100 மி.மீ. சதுரக் குழாய் 2 மி.மீ., 3 மி.மீ. தடிமனில்தான் கையிருப்பில் இருக்கிறதாம். அவன் திரையில் மடித்ததும் 2 மி.மீ. குழாய். வண்ணம் எல்லாம் அழகாக வந்திருந்தது, விசைக் கோட்டை மட்டும் அவன் திறந்தே பார்க்கவில்லை. இரண்டு நிமிட டிஷ்யூ தாள் கணக்கு இரண்டு வாரச் சிமுலேஷனை மிச்சப்படுத்தியிருக்கும். ஆகவே 1.5 மி.மீ. தகட்டை, 5052 என்ற அலுமினியக் கலவை ரகமாகப் பார்த்து வாங்கி, மடித்து ரிவெட் அடிப்பது என்று முடிவாயிற்று. 6061-டி6 என்ற இன்னொரு ரகம் வேண்டாம் என்று நான் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. அது வலுவானது, ஆனால் இறுக்கமான மடிப்பில் மூலை கிழியும். வெல்டு செய்தால் சூடு பட்ட இடத்தில் வலிமை பாதிக்கு அருகில் இறங்கிவிடும்.

அணியில் ஒருவர், சாதா எஃகுத் தகடு மலிவாயிற்றே என்று சொன்னாராம். மலிவுதான். ஆனால் எஃகு வேகத்தைப் பார்த்து முறைத்துக்கொள்ளும். கௌப்பர்-சைமண்ட்ஸ் விதிப்படி சாதா எஃகின் திரிபு வேகம், அதாவது அது உருமாறும் வேகம், நொடிக்கு 40.4 ஆகும்போது விளைவுத் தகைவு (நிரந்தரமாக வளையத் தொடங்கும் எல்லை) இரட்டிப்பாகும். 100 மி.மீ. குழாய் 7 மீட்டர் வேகத்தில் மடியும்போது நொடிக்கு 20-க்கு மேல் திரிபு வேகம் வருகிறது. அந்தக் கணக்கில் தகைவு 1.8 மடங்குக்கு மேலே போகிறது. திரிபு பெரிதாக ஆக இந்த விளைவு குறையும் என்றாலும், மெதுவாக அழுத்திப் பார்த்த எஃகுத் தாங்கி பாதையில் எதிர்பார்த்ததைவிட முரட்டுத்தனமாக நடந்துகொள்ளும். அலுமினியத்தில் இந்தக் கவலை மிகக் குறைவு. மெதுவான சோதனையை நம்பலாம் என்பதற்கு அதுவே காரணம்.

இதையெல்லாம் சூத்திரமே சொல்லிவிடுகிறது என்றால் சிமுலேஷன் எதற்கு? சூத்திரம் சராசரியைச் சொல்லும், முதல் உச்சத்தைச் சொல்லாது. இந்த இரண்டு குழாய்களையும் அப்படியே விட்டால் முதல் உச்சம் 120 கிலோ நியூட்டனைத் தாண்டும் என்று என் தோராயக் கணக்கு சொல்கிறது. 40 ஜி எல்லை 118. ஆகவே முன்முனைக்கு அருகில் ஒரு வரிப்பள்ளமோ துளைகளோ போட்டு, முதல் மடிப்பு எங்கே தொடங்க வேண்டும் என்று குழாய்க்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். பள்ளம் எவ்வளவு ஆழம், முனையிலிருந்து எவ்வளவு தூரம், தடுப்புத் தகடு எவ்வளவு வளையும், தட்டு ஒரு பக்கம் முதலில் பட்டால் என்ன ஆகும் என்பதெல்லாம் சிமுலேஷனின் வேலை. பத்து விதமான பள்ளத்தைத் தகட்டில் வெட்டிப் பார்க்க அணிக்குக் காசு கிடையாது, திரையில் ஒரே மாலையில் பார்த்துவிடலாம்.

மாடலும் சின்னதுதான். இந்தக் குழாயின் ஒரு முழு மடிப்பு ஏறக்குறைய 48 மி.மீ. வரும். கணினி குழாயைப் பிரித்துக்கொள்ளும் சின்னக் கட்டத்துக்கு எலிமெண்ட் என்று பெயர். 5 மி.மீ. எலிமெண்ட் வைத்தால் மடிப்புக்குப் பத்து, போதுமானது. இரண்டு குழாய்க்கும் மொத்தம் ஏறக்குறைய 6700 எலிமெண்ட். 1980-களின் நடுவில் பாம்-கிராஷ் மென்பொருள் வைத்து ஃபோக்ஸ்வேகன் போலோ காரை முதன்முதலாக முழுசாகக் கணினியில் மோதினார்கள், அந்தக் கார் முழுவதற்கும் ஆறாயிரத்துக்கும் குறைவான எலிமெண்ட்தான். அதை ஓட்ட அன்று மீக்கணினி தேவைப்பட்டது. இன்று நம் இரண்டு குழாய் அதைவிடப் பெரிய மாடல், மடிக்கணினியில் ஒரு தே தாரிக் குடித்து எழுவதற்குள் ஓடி முடிந்துவிடும்.

இப்போது அவன் கேட்ட கேள்விக்கு வருவோம். எல்எஸ்-டைனாவுக்கு மூலம் 1970-களில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் ஜான் ஹால்குவிஸ்ட் எழுதிய டைனா3டி. ஹால்குவிஸ்ட் 1987-இல் தனி நிறுவனம் தொடங்கினார், 2019-இல் அன்சிஸ் அதை வாங்கியது. மாணவர் பதிப்பு இலவசம், 1,28,000 கணுக்கள் (எலிமெண்டுகளின் மூலைப்புள்ளிகள்) வரைதான் அனுமதி. நம் 6700 எலிமெண்டுக்கு அந்த வரம்பு ஒரு பொருட்டே இல்லை. இதில் பெரிய பலம், நீங்கள் மாட்டிக்கொள்ளும் சிக்கலில் ஏற்கனவே யாரோ மாட்டிக்கொண்டு எழுதி வைத்திருப்பார்கள். மாதிரிக் கோப்புகளும் நிறைய.

ஓப்பன் ரேடியாஸ் பிரான்சில் பிறந்த ரேடியாஸின் திறந்தமூல வடிவம், 2022-இல் ஆல்டேர் வெளியிட்டது. அளவு வரம்பு கிடையாது, உரிமச் சாவியோடு மல்லுக்கட்ட வேண்டாம், கணினியின் எத்தனை செயலிக் கருவில் வேண்டுமானாலும் ஓட்டலாம். எல்எஸ்-டைனா வடிவக் கோப்பையும் பெரும்பாலும் படித்துக்கொள்ளும். பிழைச் செய்தி வந்தால் மட்டும் பொறுமை அதிகம் தேவைப்படும்.

என் தீர்ப்பு: இந்தத் தாங்கிக்கு எல்எஸ்-டைனா மாணவர் பதிப்பு. கேட்டால் சொல்ல ஆள் இருக்கிற கருவியில்தான் முதல் மாடலைக் கட்ட வேண்டும். தேன்கூட்டை ஒவ்வொரு அறையாக வரையப் போகிறாய், அல்லது முழுச் சட்டத்தையும் சேர்க்கப் போகிறாய் என்றால் ஓப்பன் ரேடியாஸுக்கு மாறிக்கொள். தேன்கூட்டைத் திண்மக் கட்டியாக, அதற்கென்றே இருக்கும் பொருள் மாதிரியில் வைத்தால் அந்த மாற்றமும் தேவைப்படாது. முழுக் காரையே மோதிப் பார்க்கலாமா, நாட்டில் தேசிய மீக்கணினி மையம் இருக்கிறதே என்றும் கேட்டான். அமெரிக்காவில் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கும் 2010 டொயோட்டா யாரிஸ் மாடலில் ஏறக்குறைய 15 லட்சம் எலிமெண்ட். இறக்கி ஓட்டிப் பார், நல்ல படிப்பு. உன் மூக்குக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

மென்பொருளைவிட எனக்குப் பயம் தருவது வேறு. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் ராத்திரி முழுக்க, பதினாறு மணி நேரம் ஓட வேண்டிய ஒரு மாடலைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன். பை எடுத்து, பேசி முடித்துத் திரும்பிப் பார்த்தால் முடிந்திருந்தது, அரை மணி நேரத்தில். கணினி நல்ல கணினி என்று பெருமைப்பட்டுக்கொண்டேன். மறுநாள் காலை மூத்தவர் ஒருவர் கோப்பைத் திறந்து, ஒரே ஒரு வரியில் விரலை வைத்தார். டன், மி.மீ., நொடி அலகில் அலுமினியத்தின் அடர்த்தி 2.7 பெருக்கல் 10-இன் மைனஸ் 9 அடுக்கு. நான் மைனஸ் 6 போட்டிருந்தேன், அது கிலோ அலகுக்கான எண். அலுமினியம் ஆயிரம் மடங்கு கனமாகிவிட்டது. ஒலி வேகம் ஆயிரத்தின் வர்க்கமூல அளவு, அதாவது 32 மடங்கு குறைந்தது. கணினி ஒரு தாவலில் தாண்டும் நேரம்தான் காலப்படி, ஒலி ஒரு எலிமெண்டைக் கடக்கும் நேரத்தைப் பொறுத்தது அது. அதுவும் 32 மடங்கு நீண்டது. பதினாறு மணி நேரம் அரை மணி நேரமானது அப்படித்தான். வண்ணப் படம் மட்டும் பத்திரிகை அட்டையில் போடும் அளவுக்கு இருந்தது.

அதனால் அவனிடம் ஐந்து நிமிடத்தில் பார்க்கக் கூடிய சிலவற்றைச் சொன்னேன். மொத்த நிறையைப் பார், கையில் எடைபோட்டதோடு ஒத்துப்போகிறதா? 5 மி.மீ. எலிமெண்டுக்குக் காலப்படி ஏறக்குறைய ஒரு மைக்ரோ நொடி வர வேண்டும், பத்து வந்தால் எங்கோ தப்பு. மணற்கடிகார ஆற்றலைப் பார். ஒரே புள்ளியில் கணக்கிடும் எலிமெண்டுகள் செலவில்லாமல் மணற்கடிகார வடிவத்தில் நெளியும், அதைத் தடுக்கச் செலவாகும் ஆற்றல் உள் ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டினால் அந்த ஓட்டத்தைக் குப்பையில் போடு, 5-க்குள் இருந்தால் நிம்மதி. குழாய் தன்னைத்தானே தொடும் தொடர்பைப் போட்டாயா? போடாவிட்டால் மடிப்புகள் ஒன்றுக்குள் ஒன்று பேய் மாதிரி நுழைந்துபோகும், விசை குறைவாகக் காட்டும். கடைசியாக, குழாயை வடிவியலில் அப்பழுக்கில்லாமல் வரையாதே. சின்னக் கோணல் ஒன்று வைக்காவிட்டால் மாடல் நிஜத்தைவிட உயரமான உச்சத்தைக் காட்டும்.

சோதனைக்கும் இரண்டு வழி உண்டு. மேலிருந்து எடையைப் போடுவது, அல்லது யூடிஎம் எனும் பொருள்வலிமைச் சோதனை இயந்திரத்தில் மெதுவாக அழுத்துவது. எடை போடும் சோதனையை அதற்கென்று உள்ள கூடத்தில்தான் நடத்த வேண்டும் என்கிறது விதி. 300 கிலோவை 7 மீட்டர் வேகத்துக்குக் கொண்டுவர இரண்டரை மீட்டர் உயரத்திலிருந்து போட வேண்டும், யாரும் வகுப்பறைக் கட்டடத்தில் அதைச் செய்ய விடமாட்டார்கள். கல்லூரி யூடிஎம்மில் மெதுவாக அழுத்த விதி அனுமதிக்கிறது. அலுமினியம் என்றால் எனக்கும் இதுவே போதும். ஆனால் இயந்திரத்தின் எல்லையைக் கேட்டுக்கொள். அவர்கள் ஆய்வகத்தில் இருப்பது 100 கிலோ நியூட்டன். ஒற்றைக் குழாய்க்குத் தாராளம். இரண்டு குழாயும் தகடும் சேர்ந்த முழுத் தாங்கியில் பள்ளம் சரியாக வேலை செய்யாமல் உச்சம் எகிறினால் இயந்திரம் பாதியில் நின்றுவிடும், சோதனையும் வீண், மடித்த தகடும் வீண். முழுத் தாங்கிக்குப் பெரிய இயந்திரம் இருக்கும் வேறு ஆய்வகத்தில் இப்போதே நேரம் கேட்டு வைக்கச் சொன்னேன். பருவத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் போய் நின்றால் கிடைக்காது.

ஆக வரிசை இப்படி அமைந்தது: தகடு வாங்கி, மூன்று ஒற்றைக் குழாய் மடித்து, பள்ளம் இல்லாமல் ஒன்றும் பள்ளத்தோடு இரண்டும் அழுத்துவது. அந்தக் கோட்டோடு மாடலைப் பொருத்துவது. பொருந்திய மாடலில் பள்ளத்தைச் சீர்செய்வது. அப்புறம் முழுத் தாங்கி ஒன்று, கூடவே உதிரியாக இன்னொன்று. இத்தனைக்கும் ஆள் இல்லையென்றால் தரநிலை நுரைக்கட்டியை வாங்கிவிடு என்று மறுபடியும் சொன்னேன். அவன் அந்த வார்த்தையைக் காதில் வாங்கவில்லை. அந்த வயதில் நானும் வாங்கியிருக்கமாட்டேன்.

போன வியாழக்கிழமை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. முதல் குழாய், பள்ளம் இல்லாதது. இரண்டு மடிப்பு ஒழுங்காக விழுந்திருக்கிறது. மூன்றாவதில் ரிவெட் வரிசை பிரிந்து, ஒரு மூலை வாழைப்பழத் தோல் மாதிரி வெளியே வந்திருக்கிறது. கீழே அவன் எழுதியிருந்தான்: "அங்கிள், மாடல்ல ரிவெட்டே போடல." ரிவெட்டுக்கு இடைவெளி எவ்வளவு விட்டாய் என்று கேட்டேன். 40 மி.மீ. என்றான். ஒரு மடிப்பே 48 மி.மீ. தானே, மடிப்புக்கு ஒரே ஒரு ரிவெட்தான் விழுகிறது. 20-க்குக் குறைத்து, மாடலிலும் ரிவெட்டை வைத்துக்கொண்டு வா என்றேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணி, அதே மேசை.